‘எனக்கு வைச்சிருங்கோ’ என்று சொல்லிவிட்டு மறைகிறவர்களை என்ன செய்யலாம்?

கேள்வி: பழைய காசு, தாள், முத்திரை எல்லாம் இணையத்தில் விற்கிறேன். ‘கட்டாயம் எடுக்கிறேன்’ என்று சொன்னவர்களில் பாதிப் பேர் பிறகு பதிலே போடுவதில்லை. உங்களுக்கும் இப்படி நடந்ததா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நடந்ததா என்றா கேட்கிறீர்கள்? நடக்காத மாதம் எது என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக முடிந்திருக்கும்.

நான் வன்னியில், விசுவமடுப் பக்கம். பிழைப்புக்கு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறேன். பழைய காசும் தாளும் சேர்ப்பது சின்ன வயதுப் பைத்தியம். இடப்பெயர்வில் முத்திரை அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சினதில் இருந்து மறுபடி தொடங்கி, இரட்டையாக வருவதை ஏழெட்டு வருடமாக இணையத்தில் விற்கிறேன். அதனால் நீங்கள் சொல்கிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் ஒரு தாளின் கதை. அப்பப்பா முள்ளியவளையில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். அவருடைய கணக்குக் கொப்பிக்குள் இருந்து 1942ஆம் ஆண்டு ஐந்து சதத் தாள்கள் இரண்டு கிடைத்தன. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: உலகப் போர்க் காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்து, இலங்கையில் சதக்கணக்கிலேயே தாள் அடித்தார்கள். இந்த ஐந்து சதத் தாளில் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றத் துண்டு மூன்று சதம். நடுவில் முத்திரைத் தாளில் இருப்பது போல வரிசையாகத் துளை. கடைக்காரர் இரண்டு சதம் மிச்சம் கொடுக்க வேண்டுமென்றால் அந்தத் துளையோடு கிழித்துக் கொடுத்துவிடலாம். அதற்காகவே அடித்தது என்பதால் ஒட்டினபடி இருக்கிற தாளுக்கு மதிப்புக் கூட. என்னிடம் இருந்த இரண்டும் ஒட்டினபடி. ஒன்றை விலைக்குப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் கொழும்பில் இருந்து ஒரு தம்பி.

“அண்ணை, இது எனக்குத்தான். வேறை ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ. சம்பளம் வந்த உடனை காசு போடுறன்.”

நானும் பதிவின் கீழே ‘விற்றாயிற்று’ என்று எழுதினேன். அடுத்த நாள் மல்லாவியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் எடுத்தார். உடனேயே பஸ் ஏறி வந்து காசைக் கையில் தருகிறேன் என்றார். “ஐயா, பேசி முடிஞ்சுது” என்றேன். “அப்ப சரி தம்பி, சொன்ன சொல்லை மாத்தக் கூடாது” என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். இருபத்தைந்தாம் தேதி சம்பளம் வந்திருக்கும். ஆள் வரவில்லை. வட்ஸ்அப்பில் நான் அனுப்பினதுக்கு இரண்டு நீலச் சரி விழும், அதோடு சரி. மூன்று கிழமை பொறுத்து ஆசிரியருக்கு எடுத்தேன். அவர் அதற்குள் வேறு ஒருவரிடம் வாங்கிவிட்டார்.

கன நாளாக அந்தத் தம்பி என்னை ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், என்னிடம் இருந்து அவன் ஒரு சதமும் எடுக்கவில்லை. நான் ‘விற்றாயிற்று’ என்று எழுதின அந்த நிமிடமே அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்தத் தாள் அவனுடையதாகிவிட்டது, காசு கொடுக்காமலே. பிறகு எதற்குக் காசு? இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் செய்திருக்கிறேன். வவுனியாவில் ஒருவரிடம் ஐந்தாம் ஜோர்ஜ் கால வெள்ளி ஐம்பது சதத்தை ‘எனக்கு வையுங்கோ’ என்று சொல்லிவிட்டு, கடைக்கு உதிரிப்பாகம் எடுத்த கடனைக் கட்டினதில் கை வறண்டுபோய், நாலு நாள் அவருடைய போனை எடுக்காமல் ஒளித்துத் திரிந்தேன். களவாணிப் புத்தி ஒன்றும் இல்லை. வெட்கம்.

ஆகவே வாய்ச்சொல்லுக்குப் பொருளை மறைத்து வைக்கிறதை விட்டுவிட்டேன். யாராவது எடுக்கிறேன் என்றால் நாளும் நேரமும் சொல்லி எழுதுகிறேன்: “சனி பின்னேரம் ஆறு மணி வரை உங்களுக்கு. முற்பணம் விழுந்தால் ரெண்டு மாசமும் வைச்சிருப்பன். விழாட்டில் அடுத்த ஆளுக்கு.” காசு முழுதாக வரும் வரை பதிவில் ‘பேச்சில் இருக்கிறது’ என்று மட்டும்தான் போடுவேன். இரண்டாவதாகக் கேட்கிறவருக்கு, நீங்கள் இரண்டாவது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். முற்பணம் பெரிய தொகை வேண்டாம். அது தண்டனை இல்லை, ஒரு அரிதட்டு. பிறகு வேண்டாம் என்று திருப்பிக் கேட்டால் கொடுத்தும் விடுகிறேன். ஆனால் அவரோடு அதுதான் கடைசி வியாபாரம்.

இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரும். “என்னிலை நம்பிக்கை இல்லையோ?” என்பார்கள். நம்பிக்கை இருக்கு அண்ணை, பெற்றோல்தான் இல்லை என்று பகிடியாகச் சொல்லுவேன். அது பகிடி மட்டும் இல்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான் கிடைத்த காலம். கிளிநொச்சியில் இருந்து ஒருவர், தபாலில் எல்லாம் வேண்டாம், கையில் வாங்கித்தான் பழக்கம், கந்தசுவாமி கோயிலடிக்கு வாங்கோ என்றார். அந்த நாலு லீற்றரில் ஒரு லீற்றருக்கு மேலே எரித்து, பரந்தன் சந்தியால் திரும்பிப் போய்ச் சேர்ந்தேன். சவர்க்காரப் பெட்டிக்குள் மெல்லிய கடுதாசியில் சுற்றின ஆறு காசு, சட்டைப் பைக்குள். பத்து மணியில் இருந்து நிற்கிறேன். வேகம் குறைகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் இதுதான் இதுதான் என்று பார்க்கிறேன். கச்சான் விற்கிற அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டா, “ஆரைத் தம்பி பாக்கிறாய்?” என்று. பன்னிரண்டரைக்கு அவருடைய போன் நின்றுபோய்விட்டது. அதற்குப் பிறகு வாங்குகிறவருக்காக என்று நான் எங்கும் போகிறதில்லை. “வியாழன் சாமான் எடுக்கக் கிளிநொச்சிக்கு வருவன், அப்ப வாங்கோ” என்பேன். வந்தால் வியாபாரம். வராவிட்டாலும் எனக்கு அந்தப் பயணம் இருந்ததுதானே.

மேலே சொன்னவர்கள் எல்லாம் சோம்பேறிகள், ஆசைக்காரர்கள். உண்மையான மோசடிக்காரர் வேறு ரகம். அவர்கள் ஒரு நாளும் காணாமல் போக மாட்டார்கள், உங்களை விடாமல் துரத்துவார்கள். அதுதான் அடையாளம்! ஒருவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் வங்கிச் சிலிப் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, நாளைக் காலை கூரியரில் போடுங்கோ என்று அரை மணிக்கு ஒருக்கால் நெருக்கினார். சிலிப் உண்மை, வங்கி முத்திரையும் உண்மை. ஆனால் அது காசு போட்ட சிலிப் இல்லை, காசோலை போட்ட சிலிப். காசோலை கணக்கில் தெரியும், ஆனால் அது மாறி முடியும் வரை உங்கள் காசு இல்லை. மாறாமல் திரும்பி வரும்போது உங்கள் சாமான் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னொருவர் ஒன்லைனில் போட்டதாக ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காசு போன நேரம் 11.40 என்று காட்டியது. அதே படத்தின் மேல் மூலையில் போனின் மணிக்கூடு 9.14 காட்டியது, அதாவது காசு போக முதலே எடுத்த படம். இலங்கைக்குள் வங்கிக்கு வங்கி ஒன்லைனில் போடுகிற காசு இப்போது கொஞ்ச நேரத்தில் வந்து விழும். ஆகையால் படம் எதையும் பார்க்கத் தேவையில்லை, உங்கள் கணக்கைத் திறந்து பார்த்தால் போதும். ‘காசு வாறதுக்கு இந்த லிங்கை அமத்துங்கோ, ஓடிபியைச் சொல்லுங்கோ’ என்றால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். காசு பெறுகிறவன் ஓடிபி சொல்ல வேண்டிய வேலை எங்கும் இல்லை.

சில நேரம் பின்வாங்குகிற ஆள் சரி, பிழை எங்களில். 1920களின் வெள்ளி ஐம்பது சதம் ஒன்றை ஒருவர் முழுக்காசும் போட்டு வாங்கிவிட்டு, இது டூப்பு என்று திருப்பி அனுப்பினார். அவரிடம் இருந்த பழையதோடு வைத்துப் பார்த்தால் நிறம் மங்கலாம். மங்கல்தான். 1919க்கு முந்தினதில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி, 1919இல் இருந்து 550தான். அதை நான் முதலே எழுதியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு அதை அம்மா ஒருக்கால் புளி போட்டு, விளக்கு மினுக்குகிற மாதிரி மினுக்கியும் வைத்திருந்தா. மினுக்கின காசைச் சேர்க்கிறவன் தொட மாட்டான். இப்போது குறையை எல்லாம் முதல் வரியிலேயே எழுதுகிறேன். எழுதினால் கேட்கிறவர் தொகை குறையும், ஆனால் கேட்டவர் எடுப்பார். தாள் என்றால் தொடரிலக்கம் தெரியப் படம், காசு என்றால் இரண்டு பக்கப் படமும் அதன் எடையும். பொதி கட்டுவதை வீடியோ எடுத்து, தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதை அனுப்பிவிடுவேன். திருப்பி வரும்போது வேறு தேய்ந்த காசு வந்த அனுபவமும் உண்டு, அதற்குத்தான் இவ்வளவும்.

எங்கள் இடத்துக்கே உரிய ஒரு கூட்டமும் இருக்கிறது. வன்னி என்று கண்டதும் உள்பெட்டிக்குள் வருவார்கள். ஒருவருக்கு வலம்புரிச் சங்கு வேணும், ஒருவருக்குப் புதையல், இன்னொருவர் “மண்ணுக்குள்ளை தாட்ட சாமான் ஏதும் இருக்கோ” என்று குரலைத் தாழ்த்துவார். இவர்களுக்குப் பதிலே போடாதீர்கள், இல்லை என்று கூட. வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருகிறவர்கள் ஒல்லாந்தர் காலத்துத் துட்டுக் காசு கேட்பார்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கை எடுக்கிறம் என்று. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தினதைத் தொல்பொருள் என்று சொல்கிறது, அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோகேலாது. மண்ணுக்குள்ளால் வந்ததை நான் விற்கிறதும் இல்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் தாங்களாகவே போய்விடுவார்கள். கொழும்பில் ஒருவர் என்னிடம் நாலைந்து பொருள் பேசி முடித்துவிட்டு, போர் முடிந்ததுக்கு அடித்த, 2009 மே 20 திகதி போட்ட அந்த ஞாபகார்த்த ஆயிரம் ரூபாத் தாள் உங்கடை பக்கம் கனக்க இருக்கும்தானே, நல்லதாகப் பத்து எடுத்துத் தாங்கோ என்றார். அது இங்கே சேர்த்து வைக்கிற தாள் இல்லை என்றேன். மற்றப் பொருள்களுக்கும் பிறகு அவர் வரவில்லை. அதில் எனக்கு மனவருத்தம் இல்லை.

கடைசியாக ஒன்று, நான் செய்து சுட்டுக்கொண்டது. மறைகிறவர்களின் பெயரைப் போட்டு எழுதுகிற பழக்கம் எங்கள் இணையக் குழுவில் இருக்கிறது. 2018 டிசம்பர் கடைசியில் காசு போடுகிறேன் என்ற ஒருவர் போடவில்லை. பெயரும் பேச்சும் தெரிய ஸ்கிரீன்ஷொட் போட்டுக் கிழித்துத் தொங்கவிட்டேன். கீழே ஒரு பிள்ளை எழுதினது: “அவை பள்ளிக்கூடத்திலை இருக்கினம் அண்ணை, வீட்டுக்குள்ளை இடுப்பளவு தண்ணி.” இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற கிழமை அது. எனக்கு வெள்ளம் தெரியும், அந்த ஆள் எந்த ஊர் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அழித்துவிட்டு அடுத்த கிழமை போன் எடுத்தேன். போன் தண்ணிக்குள் போட்டுது அண்ணை என்றார், அதற்கு மேலே ஒன்றும் சொல்லவில்லை. காசைப் பற்றி நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யாருடைய பெயரையும் போடுகிறதில்லை.

அந்த 1942 தாள் பிறகு விற்கவேயில்லை, கொப்பிக்குள்ளேயே கிடந்தது. போன ஞாயிறு அந்தக் கொழும்புத் தம்பியிடம் இருந்து, இடையில் ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு வரி: “அண்ணை, அது இன்னும் இருக்கோ?”

இருக்கு, விலை கூட என்று எழுதினேன். முற்பணம் ஆயிரம் ரூபா அண்டு இரவே வந்து விழுந்தது. மிச்சம் வெள்ளிக்கிழமை என்றிருக்கிறான். இண்டைக்குப் புதன்.