கண்ணுக்குள் வைக்கும் ஸ்டீரொயிட் இம்பிளாண்ட்: அம்மாவுக்குப் போடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கும் 64 வயது அம்மாவுக்கு நீண்டகாலச் சலரோகம். விழித்திரை வீக்கத்துக்கு மாதாமாதம் கண்ணில் ஊசி போட்டும் வீக்கம் வற்றவில்லை. இப்போது டொக்டர் ‘ஒஸுர்டெக்ஸ்’ இம்பிளாண்ட் வைக்கலாம் என்கிறார். கண்ணுக்குள் ஒரு பொருளை வைத்துவிடுவது பாதுகாப்பா? அதோடு ஊசித் தொல்லை தீருமா?

பதில்:

தீராது, ஆனால் இடைவெளி கூடும். மாதத்துக்கு ஒன்று என்பது நாலைந்து மாதத்துக்கு ஒன்று ஆகலாம். குறைவது ஊசி மட்டுமே, கிளினிக் தவணை அல்ல. இதை அம்மாவிடம் முதலே சொல்லிவிடுங்கள். வைத்தாயிற்று, இனி ஆறு மாதத்துக்குப் போகத் தேவையில்லை என்று வீட்டில் இருந்துவிடுபவர்களுக்குத்தான் கண் அமுக்கம் தெரியாமல் ஏறுகிறது.

ஒஸுர்டெக்ஸ் என்பது 6 மி.மீ. நீளமும் 0.46 மி.மீ. தடிப்பும் உள்ள சிறு குச்சி. நீளத்தில் அரிசி மணி போல இருக்கும், தடிப்பில் அதைவிட மிக மெல்லியது. அதற்குள் 0.7 மி.கி. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட். மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் பொலிமர், கண்ணின் திரவத்தில் மெதுவாக லக்டிக் அமிலமாகவும் கிளைகோலிக் அமிலமாகவும் உடைந்து, கடைசியில் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் போய்விடும். ஆகவே அதை எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டாம். சொட்டு மருந்தாக விட்டால் விழித்திரைக்குப் போதிய அளவு போய்ச் சேராது. குளிசையாகக் கொடுத்தால் உடம்பு முழுக்க ஸ்டீரொயிட் ஏறும், சீனி கூடும். இம்பிளாண்டிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு. ‘ஸ்டீரொயிட்’ என்ற சொல்லைக் கேட்டு அம்மா சீனியை நினைத்துப் பயந்தால் இதைச் சொல்லலாம்.

வைக்கும் வேலை சில நிமிடம்தான். மரத்துப்போகும் சொட்டு விட்டு, 5% பொவிடோன் அயடினால் கண்ணைச் சுத்தமாக்கி, இமையை விரித்துப் பிடிக்கும் கம்பி போடுவார்கள். கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி அளந்து, 22 கேஜ் ஊசியைச் சற்றுச் சரிவாக ஏற்றி, பிறகு கண்ணின் நடுப்பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்துவார்கள். சரிவாக ஏற்றுவதற்குக் காரணம் உண்டு: வழமையான ஊசியைவிட இது தடிப்பானது, நேரே குத்தினால் துளை தானாக மூடாமல் கசியக்கூடும். அழுத்தும்போது ‘டிக்’ என்ற சத்தம் கேட்கும். அந்த இடத்தில் திடுக்கிட்டு அசையக்கூடாது என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதன்பின் வெள்ளைவிழியில் இரத்தச் சிவப்பும், பார்வையில் மெல்லிய கோடு மிதப்பதும் சாதாரணம். அன்று வாகனம் ஓட்டக் கூடாது, கூட ஒருவர் போக வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், அமுக்கம். ஸ்டீரொயிட் கண்ணின் வடிகாலை இறுக்கும், திரவம் தேங்கும். இந்த ஏற்றம் உச்சத்துக்கு வருவது ஏறத்தாழ இரண்டாம் மாதத்தில். அதனால் மறுநாளோ அடுத்த வாரமோ அளந்து ‘நோர்மல்’ என்று வந்தது போதாது. ஆறாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் கட்டாயம் ஒருமுறை அளக்க வேண்டும். மிதமான ஏற்றத்தில் நோவும் இராது, பார்வையும் மங்காது, ஆகவே அம்மாவால் உணர முடியாது. நீரிழிவு விழித்திரை வீக்கத்துக்கு நடந்த மூன்றாண்டு ஆய்வில், பத்துப் பேரில் ஏறக்குறைய நாலு பேருக்கு அமுக்கம் குறைக்கும் மருந்து தேவைப்பட்டது. அமுக்கத்துக்காகச் சத்திரசிகிச்சை வரை போனவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதாவது, நேரத்துக்குக் கண்டுபிடித்தால் சொட்டு மருந்தே பெரும்பாலும் போதும். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். அமுக்கத்துக்கு வழமையாக எழுதும் டிமொலோல் சொட்டு இழுப்பைக் கிளப்பிவிடும்.

இரண்டாவது விலை, கட்டராக்ட். அதே ஆய்வில், சொந்த வில்லை உள்ள கண்களில் மூன்றில் இரண்டில் கட்டராக்ட் வந்தது அல்லது முற்றியது. ஏற்கனவே ஒபரேஷன் செய்து செயற்கை வில்லை வைத்த கண்ணுக்கு இந்தக் கவலை இல்லை, அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்கு இதை முதலில் யோசிப்பார்கள். ஆனால் அந்த ஒபரேஷனில் வில்லையைச் சூழ்ந்த மெல்லிய பையின் பின்பக்கம் கிழிந்திருந்தால் இதை வைக்கக் கூடாது. குச்சி அந்தக் கிழிசல் வழியே கண்ணின் முன்னறைக்கு நழுவி, கருவிழியின் உட்புறத்தை உரசி வீங்க வைத்துவிடும். கட்டராக்ட் ஒபரேஷன் வேறு இடத்தில் நடந்திருந்தால் அங்கே தந்த ஒபரேஷன் விபரத் துண்டைத் தேடி எடுத்துப் போங்கள். முற்றிய கிளோகோமாவும் (கண் அமுக்கத்தோடு தொடர்புள்ள பார்வை நரம்புப் பாதிப்பு), கண்ணில் தொற்று இருப்பதும் மற்ற இரண்டு தடைகள்.

இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவராயின், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

வைத்த முதல் வாரத்தில் நோவு கூடிக்கொண்டே போனாலோ, சிவப்புப் பரவினாலோ, பார்வை மங்கினாலோ அது உட்கண் தொற்றாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். வைத்த இடத்துக்கோ லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்திலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கோ அன்றே போங்கள். இரவானாலும் போங்கள்.

மூன்று வருடம் வேலை செய்யும் இம்பிளாண்டும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ‘இலுவியன்’ அப்படிப்பட்டது: 0.19 மி.கி. ஃபுளூஓசினொலோன், கரையாத சிறு குழாய். அமுக்கம் ஏறினால் மருந்து தானாக முடியும் என்று காத்திருக்க முடியாது, மாதக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கும். என் கருத்தில், முதலில் கரையும் ஒஸுர்டெக்ஸை வைத்து அம்மாவின் கண் ஸ்டீரொயிட்டுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பிறகே நீண்டகால வகையைப் பற்றிப் பேச வேண்டும். ஸ்டீரொயிட் அல்லாத ரனிபிசுமாப் என்ற கண் ஊசி மருந்தை நிரப்பி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீள்நிரப்பும் ‘சஸ்விமோ’ வேறு ரகம். 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, நிரப்பும் வாயின் அடைப்பு இடம்பெயர்ந்த குறையால் 2022இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தியபின் 2024இல் மீண்டும் வந்தது. உட்கண் தொற்று அபாயம் மாத ஊசியைவிடக் கூடுதலானது என்ற எச்சரிக்கை அதன் பெட்டியிலேயே உண்டு.

காசு கட்ட முன்பு, கொண்டுவருவது இலங்கையின் மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதியப்பட்ட சரக்கா, உறை உங்கள் கண்முன்னே உடைக்கப்படுமா என்று கேளுங்கள். ஒரு கருவி ஒரு கண்ணுக்கு மட்டும்தான். உறையிலுள்ள பெட்ச் இலக்க ஸ்டிக்கரை வாங்கிக் கிளினிக் கொப்பியில் ஒட்டி, எந்தக் கண், எந்தத் திகதி என்று எழுதுங்கள். ஆறாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையிலான அமுக்கச் சோதனைக்கும், விழித்திரை வீக்கத்தை அளக்கும் மூன்றாம் மாத ஓ.சி.டி. ஸ்கானுக்கும் அன்றே திகதி வாங்கிவிடுங்கள். அம்மா இடையில் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய் நிற்பதாயிருந்தால், அமுக்கத்தை அங்குள்ள போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கிலும் அளக்கலாம். கொப்பியைக் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.