மெரூன் கேட்டால் பழுப்பு வருகிறதா? ஏஜென்ட்டை விடுங்கள், ஃபைலைப் பாருங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டிலேயே மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் பாக்கெட் போட்டு விற்கிறார். லேபிளில் மெரூன், கருப்பு, இந்த இரண்டு கலர்தான். முதல் தடவை சரியாக வந்த மெரூன் இரண்டாம் தடவை பழுப்பாகிவிட்டது. நடுவில் நிற்கும் ஏஜென்ட் "மல்டிகலர்னா அப்படித்தான் மேடம்" என்று முடித்துவிட்டாராம். இரண்டு கலருக்கு எதற்கு நான்கு பிளேட் (ஒவ்வொரு மைக்கும் மெஷினில் மாட்டும் அச்சுத் தகடு), கலர் மாறாமல் வர ஃபைலை எப்படிக் கொடுப்பது என்கிறார்.

மேடம், நீங்கள் அனுப்பிய இரண்டு லேபிளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் மெரூன் மையே கிடையாது. ரோஸ், மஞ்சள், நீலம், கருப்பு என்று நான்கு மையும் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கின்றன, தள்ளிப் பார்த்தால் மெரூன் மாதிரி தெரிகிறது. பழுப்பானதில் மஞ்சளும் நீலமும் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். மிஷின்மேனைத் திட்ட வேண்டாம். ஏஜென்ட் உங்கள் லேபிளைப் பத்துப் பேர் வேலையோடு ஒரே ஷீட்டில் ஏற்றியிருந்தால், பக்கத்தில் இருக்கும் ஊறுகாய்ப் படம் பளிச்சென்று வர மையைக் கூட்டுவார்கள், உங்கள் மெரூனும் கூடவே மாறிப்போகும்.

உங்களுக்கு வேண்டியது டப்பாவிலேயே மெரூனாகக் கலந்த ஒற்றை மை. சிவகாசிப் பக்கம் ஸ்பெஷல் கலர் என்பார்கள், மென்பொருளில் ஸ்பாட் கலர். மெரூனுக்கு ஒரு பிளேட், கருப்புக்கு ஒரு பிளேட், தீர்ந்தது. மெஷின் ரோலரைக் கழுவி உங்கள் மையைப் போட வேண்டும் என்பதால் கழுவு கூலி தனியாகக் கேட்பார்கள். நியாயமான காசு, கொடுத்துவிடுங்கள். கொடுக்கக் கூடாத காசு எது என்றால், பில்லில் "ஸ்பெஷல் கலர்" என்று எழுதிவிட்டு நான்கு கலரிலேயே ஓட்டி வாங்குவது. வந்த சரக்கில் ஒன்றை லென்ஸில் பாருங்கள். முழு மெரூன் இடத்தில் புள்ளி தெரிந்தால் ஏமாற்றிவிட்டார்கள்.

சரி, ஃபைல். உங்கள் டிசைனர் கோரல் டிராவில் செய்திருக்கிறார். மெரூனைக் கண்ணளவில் கலக்காமல் பான்டோன் பேலட்டிலிருந்து (கலருக்குக் கலர் எண் கொடுத்த பட்டியல்) எடுக்கச் சொல்லுங்கள், உதாரணத்துக்கு 202 சி. கடைசியில் இருக்கும் சி, வழவழப்பான தாளுக்கு. யு என்று இருந்தால் மேப்லித்தோ மாதிரி மை உறிஞ்சும் தாளுக்கு. உங்கள் ஸ்டிக்கர் பளபளப்பானது, அதனால் சி. லோகோவில் சி, கீழே எழுத்தில் யு என்று கலந்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு கலர், மூன்றாவதாக ஒரு பிளேட் முளைக்கும். கருப்பு எழுத்து கருப்பு 100 சதவீதம் மட்டும் இருக்கட்டும். வேர்டில் அடித்து ஒட்டிய எழுத்து பார்க்கக் கருப்பாக இருக்கும், பிரித்தால் நான்கு பிளேட்டிலும் உட்கார்ந்திருக்கும். லோகோவுக்குப் பின்னால் ஒரு நிழல் போட்டிருக்கிறாரே, அதை எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது ஸ்பாட் கலரை மாற்று என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும். பாதிப் பேர் செய்த வேலை அந்த டிக்கில்தான் வீணாகிறது.

பிடிஎஃப் தயாரானதும் அக்ரோபேட் ப்ரோவில் அவுட்புட் ப்ரிவியூ (எந்தப் பிளேட்டில் என்ன இருக்கிறது என்று காட்டும் இடம்) திறந்து பாருங்கள், இலவச ரீடரில் அது வராது. மெரூனையும் கருப்பையும் அணைத்தால் பக்கம் வெள்ளையாகிவிட வேண்டும். ஏதாவது மிச்சம் நின்றால் அது நான்கு கலரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, டிசைனரிடம் திருப்பி அனுப்புங்கள்.

பான்டோன் பேலட்டே இல்லாத மென்பொருள் என்றால்? 2022-இல் அடோபி தன் மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பான்டோன் பட்டியலை எடுத்துவிட்டது. பழைய ஃபோட்டோஷாப் ஃபைலைத் திறந்தால் கலர் இருந்த இடம் கருப்பாகத் தெரிந்தது. கலரின் பெயருக்கு வாடகை கேட்கும் காலம்! அதற்கு ஒரு பழைய வழி உண்டு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மெரூன் வர வேண்டியதை எல்லாம் மெஜந்தா, அதாவது நான்கு கலரில் அந்த ரோஸ், 100 என்று போடுங்கள். வெளிர் மெரூன் வேண்டிய இடத்தில் மெஜந்தா 40. மற்றது கருப்பு. பிரஸ்ஸில் மெஜந்தா பிளேட்டுக்கு மெரூன் மையைப் போட்டு ஓட்டுவார்கள். திரையில் லேபிள் பஞ்சுமிட்டாய் ரோஸில் இருக்கும், பயப்படாதீர்கள். ஆனால் லேபிளில் மஞ்சள் கிழங்கு போட்டோ மாதிரி ஒரு கலர் படம் இருந்தால் இந்த வழி செல்லாது, படத்தின் மெஜந்தாவும் மெரூனாகிவிடும். அப்புறம், "மெஜந்தா பிளேட்டில் 202 சி ஓட்டவும்" என்று ஃபைலுக்கு உள்ளேயே, வெட்டுக் கோட்டுக்கு வெளியே எழுதுங்கள். வாயால் சொன்னால் போதாது. நான் இந்த வழியில் கொடுத்த ஒரு கும்பாபிஷேக நோட்டீஸை, சொன்ன ஆள் லீவில் போனதால், பளீர் ரோஸில் இரண்டாயிரம் அடித்துத் தள்ளினார்கள். கோயில்காரர்கள் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

ஏஜென்ட் மூலமாகவே கொடுப்பதென்றால் இரண்டு விஷயம். ஃபைலை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக மட்டும் அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் தனித்தனியாகப் பிரித்த கலர் எல்லாம் ஒரே படமாகக் கலந்துவிடும், அவர் அதைக் கண்டுகொள்ளாமல் அப்படியே பிரஸ்ஸுக்குத் தள்ளிவிடுவார். இரண்டாவது, "போனில் பார்த்து மேட்ச் செய்கிறோம்" என்றால் சம்மதிக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த முதல் லேபிள் ஒன்றை நேரில் கொடுங்கள். கலர் மாதிரி பார்க்கும் பான்டோன் விசிறி புத்தகமும் பல இடங்களில் வருஷக்கணக்கில் வெளுத்துப்போனதுதான் இருக்கிறது, விலைக்குப் பயந்து யாரும் புதிது வாங்குவதில்லை. ஓட்டம் முடிந்ததும் மிச்ச மையை மூடி, எண் எழுதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவைக்கு உதவும்.

ஒன்று விட்டுவிட்டேன். பின்பக்க பார்கோடையும் மெரூனில் போட்டிருக்கிறார் உங்கள் டிசைனர். அதைக் கருப்பாக்குங்கள். ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்துக்கு சிவப்பு மை சரியாகத் தெரியாது, கடைக்காரர் மூன்று தடவை காட்டிவிட்டு பாக்கெட்டை ஓரமாக வைத்துவிடுவார்.