ஜன்னலோரம் பேசினால் கதவோரம் திரும்பும் கேமரா

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டு பையர்களுடன் பேசும் மீட்டிங் ஹாலில், பேசுபவர் பக்கம் கேமரா தானாகத் திரும்புவதற்காகச் சீலிங் மைக் பொருத்தினோம். ஆனால் ஜன்னலோரம் இருப்பவர் பேசினால், கேமரா எதிரே கதவோரம் இருப்பவரைக் காட்டுகிறது. பையர் பேசும்போதும் சும்மா இராமல் எங்கள் ஆட்களில் யாரையாவது தேடிப் போகிறது. கேமராவை மாற்றிவிடலாமா?

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். மைக் சொல்லும் திசைக்குத்தான் கேமரா திரும்புகிறது. பிழை மைக்கைப் பொருத்தி அமைத்த விதத்தில் இருக்கிறது.

சீலிங் மைக் என்பது ஒரே தட்டுக்குள் அடங்கிய பல சிறு மைக்குகள். சென்ஹைசர் நிறுவனத்தின் டீம்கனெக்ட் சீலிங் 2 மாடலில் 28 இருக்கின்றன. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் வருவதால், 60 சென்டிமீட்டர் அகலத் தட்டின் ஓர் ஓரத்தை எட்டிய குரல் மறு ஓரத்தை எட்ட 2 மில்லிவினாடிகூட ஆகாது. அந்த நூலிழை வித்தியாசத்தை வைத்தே குரல் வந்த திசையை அது கணிக்கிறது. மைக்கை அமைக்கும் மென்பொருளின் அறை வரைபடத்தில் தட்டு ஒரு பக்கம் பார்த்தபடியும் கூரையில் நேர்மாறாகவும் இருந்தால், கணக்கு சரியாக இருந்தும் கேமரா எதிர்ப்பக்கம் போகும். உங்கள் ஹாலில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுவே. ஏணி போட்டு, தட்டில் உள்ள திசைக்குறி எந்தச் சுவரைப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவரை உட்காரவைத்து, ஆர்டர் தாளையோ நாளிதழையோ உரக்கப் படிக்கச் சொல்லி, மென்பொருள் திரையில் எந்தப் பகுதி ஒளிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கை தட்டிச் சோதிப்பது போதாது. டைல்ஸ், கண்ணாடி இவற்றில் பட்டுத் திரும்பும் ஓசை ஏமாற்றிவிடும். மென்பொருளில் பேசுபவரின் உயரமாக, உட்கார்ந்தவரின் வாய் உயரமான சுமார் 1.2 மீட்டரைக் கொடுங்கள். கம்பெனியின் ஷெட் கூரை போல உயரமான இடமென்றால், தட்டைக் கம்பியில் தொங்கவிட்டுத் தரையிலிருந்து மூன்று மீட்டர் அளவுக்கு இறக்குவது நல்லது.

பையர் பேசும்போது கேமரா அலைவதற்குக் காரணம் வேறு. டிவியிலிருந்து வரும் அவருடைய குரலையும் மைக் உங்கள் ஆளின் குரலாக எண்ணுகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே ஒலியை, எதிரொலி நீக்கத்துக்கான ரெஃபரன்ஸாக, அதாவது ஒப்பிட்டு நீக்க வேண்டிய ஒலியாக, மைக்குக்கோ ஒலியைச் சீர்செய்யும் டிஎஸ்பி கருவிக்கோ கொடுங்கள். டிவி இருக்கும் சுவரை, மைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய விலக்கப்பட்ட பகுதியாக மென்பொருளில் குறித்துவிடுங்கள். ஒருவர் இரண்டு வினாடி தொடர்ந்து பேசிய பிறகே கேமரா நகரட்டும். எல்லோரும் அமைதியானால் முழு மேசையையும் காட்டும் காட்சிக்குத் திரும்பட்டும். இருமலுக்கும் டீ கிளாஸ் வைக்கும் சத்தத்துக்கும் அது திரும்பாமலிருக்க அந்த இரண்டு வினாடி இடைவெளி அவசியம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் ஜன்னல் கதவு படபடக்கும் ஹாலாக இருந்தால், கொக்கியை இறுக்கிவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். மைக்குக்கும் கேமராவுக்கும் நெட்வொர்க்கில் ஒன்றையொன்று அடையாளம் காண மாறாத, நிலையான ஐபி முகவரியும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வரும் ஒரு நாளில் முகவரி மாறி, மைக்கின் கட்டளை கேமராவுக்குப் போய்ச் சேராது.