அரங்கில் இருந்தவர் பேசட்டும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக இருக்கிறேன். உயிரிழப்புகளையும் சிக்கலான அறுவைகளையும் பற்றி மாதந்தோறும் கூட்டம் நடக்கிறது. தலைமை மருத்துவர் மட்டுமே பேசுவார். யார்மேல் பழி விழுமோ என்று நாங்கள் குனிந்திருப்போம். இதனால் என்ன பயன்?

— ஓர் அரங்கச் செவிலியர், அஸ்தம்பட்டி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் விவரிப்பதை விசாரணை என்றே சொல்ல வேண்டும். அதற்காகக் கூட்டமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், பணிமூப்பைப் பார்த்தே பதவி தரும் வழக்கத்தை எதிர்த்து, 1914இல் தாம் பணியாற்றிய பெரிய மருத்துவமனையிலிருந்து விலகியவர். தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் குறிப்புகளில் 123 பிழைகளைக் கண்டு, அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார். பணிமூப்பை எதிர்த்தவரே பிழைகளைப் பட்டியலிட்டவரும் என்பதைத் தற்செயலாக நான் நினைக்கவில்லை.

நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. பிரசவத்தை ஒட்டிய தாய் இறப்பை ஆராய்வோர் மருத்துவரின் குறிப்போடு நின்றுவிடுவதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்கிறார்கள். சேர்வராயன் மலைக் கிராமமொன்றிலிருந்து ஒரு பெண்ணைச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், வீட்டில் முடிவெடுக்க எவ்வளவு நேரமானது, 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வண்டி எப்போது வந்து சேர்ந்தது, இரத்தம் ஏற்ற ஏன் தாமதமானது என்பவற்றை அந்தந்த இடத்தில் இருந்தவர்தானே சொல்ல முடியும்? அரங்கத்துக்கும் இது பொருந்தும். இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கிய கணம் மயக்க மருத்துவருக்குத் தெரியும். கேட்ட கருவி எவ்வளவு நேரம் கழித்துக் கைக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வயிற்றுக்குள் கண்ணைப் பதித்திருப்பவருக்கு இரண்டும் முழுதாகத் தெரியாது.

ஆகவே தலைமை மருத்துவர் கடைசியில் பேசட்டும். இதை நேராகக் கேட்பது உங்கள் நிலையில் எளிதல்ல. மயக்க மருத்துவர் வழியாகக் கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலே, கத்தி வைக்கும் முன் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்கிறது. அதைக் காட்டிப் பேசினால் மறுப்பது கடினம்.

முதல் கூட்டத்தில் மரணத்தை எடுக்க வேண்டாம். தையல் போடும் முன், இரத்தம் ஒற்றும் காஸ் துணிகளை எண்ணியபோது ஒன்று குறைந்து, தேடி எடுத்த நாளைப் பேசுங்கள். அங்கே பழி சுமத்த ஆளில்லை, கற்க நிறைய உண்டு. எடுத்த முடிவுகள் கோப்பில் உறங்கிவிடுவது நம்மூர் வழக்கம் என்பதால், கருவித்தட்டை மாற்றி அடுக்குவதாக ஒரு மாதம் சொன்னால், அடுத்த மாதம் அது மாறியதா என்று கேட்டுவிட்டே மற்றதைத் தொடங்குங்கள்.