கடைசிக் காட்சி வெட்டுப்படுகிறதா?

கேள்வி: டிவி ரெக்கார்டரில் தினமும் பதிவாகும் தொடரின் கடைசிக் காட்சி மட்டும் வெட்டுப்பட்டுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முடிச்சு அவிழும் நேரத்தில் பதிவு நின்றுபோனால் எரிச்சலாகத்தான் இருக்கும். பெரும்பாலான கருவிகள் அட்டவணையில் உள்ள நேரத்தையே நம்புகின்றன. சேனல் தாமதமாகத் தொடங்கினால் அவற்றுக்குத் தெரியாது. பதிவு அமைப்பில் தொடக்கத்தை 2 நிமிடம் முன்னதாகவும் முடிவை 5 நிமிடம் பின்னதாகவும் வையுங்கள். தொடர் முழுவதற்கும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு எபிசோடுக்கு மட்டும் மாற்றினால் நாளைக்கு மறுபடி வெட்டும்.

நேரலை கால்பந்து என்றால் நான் முடிவில் ஒரு மணி நேரமே கூட்டிவிடுவேன். நாக் அவுட் ஆட்டம் சமனானால் கூடுதல் நேரமே 30 நிமிடம், அதற்குப் பிறகு பெனால்ட்டி வேறு! ஆனால் ஒரே ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) உள்ள கருவியில், அடுத்து வேறு சேனலில் பதிவு இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அப்போது இரண்டாவதை மறு ஒளிபரப்பில் பிடித்துக்கொள்ளுங்கள்.