மன உளைச்சலும் இதயமும்: ஓய்வுபெற்ற இதய மருத்துவர் ஒருவரின் கேள்வி பதில்

கேள்வி (ராணிப்பேட்டை, ஆண், 38): சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மூன்று ஆண்டுகளாகக் கடன் கவலை. கவலை உண்மையிலேயே இதயத்தைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும். ஆபத்து வேளையில் சுரக்கும் அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் சிறிது நேரத்தில் அடங்கிவிட வேண்டியவை. அவை ஆண்டுக்கணக்கில் அடங்காமல் இருந்தால் இரவில் தணிய வேண்டிய இரத்த அழுத்தம் தணிவதில்லை, சர்க்கரை ஏறுகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, இரத்தக் குழாயின் உட்சுவர் அழற்சியால் புண்படுகிறது. 2004இல் வெளியான, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன உளைச்சலையும் மாரடைப்பின் ஒன்பது முக்கியக் காரணிகளுள் ஒன்றாகக் கண்டது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருவதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே 38 வயது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கவலையைத் தணிக்கப் புகைப்பவராக இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி (குடியாத்தம், பெண், 46): பீடி சுற்றுகிறேன். குழுக்கடன் தவணை நெருங்கும் நாள்களில் தாடையிலும் முதுகிலும் வலி, மூச்சு வாங்குகிறது. வீட்டில் வாயு என்கிறார்கள்.

பதில்: அம்மா, நாளைக்கென்று தள்ளாமல் இன்றே இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். வலி மீண்டும் வந்து சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். உங்களைப் போல மடியில் முறத்தோடு காலை முதல் மாலைவரை குனிந்திருந்த ஒருவரை என் பணிக்காலத்தில் பார்த்தேன். விரல் நுனியில் புகையிலைத் தூள் ஒட்டியிருக்க, சோடா குடித்துக் குடித்து இரண்டு நாள் கழித்தே வந்து சேர்ந்தார். இதயத் தசையில் ஒரு பகுதி அதற்குள் செத்துப்போயிருந்தது. பெண்களுக்கும் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி என்றாலும், குமட்டல், தாடை வலி, அளவுமீறிய களைப்பு ஆகியவை அவர்களிடம் கூடுதலாகத் தோன்றுகின்றன. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இதயத்தை ஓரளவு காக்கிறது. சர்க்கரை நோய் வந்துவிட்டால் அந்தக் காப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. இளவயதில் மாரடைப்பு கண்டவர்களை ஆய்வுக்கூடத்தில் மன உளைச்சலுக்கு உட்படுத்தியபோது, இதயத்துக்குச் செல்லும் இரத்தம் ஒத்த வயது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாகக் குறைந்தது. வாயு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி (ஆற்காடு, பெண், 67): கணவர் இறந்த மறுநாள் எனக்கு நெஞ்சுவலி வந்தது. குழாயில் அடைப்பு இல்லை என்றார்கள். அப்படியானால் அது என்ன?

பதில்: டகோட்சுபோவாக இருக்கலாம். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த இந்நோயில், பெருந்துயரின் தாக்கத்தால் இதயத்தின் இடக் கீழறை திடீரெனச் செயலிழந்து உப்புகிறது. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். பலருக்கு வாரங்களில் சரியாகிவிடும். ஆனாலும் இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிக்கும் எக்கோவை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர், ஆண், 51): நெஞ்செரிச்சலுக்குப் பெருங்காயம் போதுமா?

பதில்: குடியாத்தம் சகோதரிக்கு எழுதியதைப் படியுங்கள். இன்று இதே கேள்வி நான்காவது முறை வருகிறது.

கேள்வி (காட்பாடி, ஆண், 29): கவலையால் முடி கொட்டுகிறது.

பதில்: தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (வாணியம்பாடி, ஆண், 40): நம் பாட்டிமார் பஞ்சமும் பட்டினியும் பார்த்தவர்கள். அவர்களுக்கு வராத மாரடைப்பு இன்றைய பெண்களுக்கு மட்டும் எப்படி வரும்? இது வெறும் பயமுறுத்தல்.

பதில்: வரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? "மார் அடைத்துப் போய்ச் சேர்ந்தாள்" என்று ஊரில் சொன்ன சாவுகளுக்கு இ.சி.ஜி. எடுத்தவர் யார்? நோய்த்தொற்றிலும் பிரசவத்திலும் மாண்ட பலர், குழாய் அடைக்கும் வயதையே எட்டவில்லை. எட்டியவர்கள் ஏரிக்கும் கழனிக்கும் நடந்தார்கள், கேழ்வரகு உண்டார்கள். துயரம் அவர்களைத் தாக்கியபோது உடலில் இவ்வளவு சர்க்கரையும் கொழுப்பும் இல்லை.

அவரே மீண்டும்: என் பாட்டி 90 வயதுவரை வாழ்ந்தார்.

பதில்: மகிழ்ச்சி. பிழைத்தவரை வைத்து, பிழைக்காதவரின் கணக்கை முடிக்க இயலாது. பாட்டியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். உங்கள் தாயாருக்குக் கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள்.