படகு இல்லாதவருக்கு இழப்பீடு கிடையாதா?

கேள்வி: என் அம்மா எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர். நாங்கள் இருளர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படிந்தது. அம்மாவுக்குக் கை, கால், கழுத்தெல்லாம் கொப்புளம். மாதக்கணக்கில் ஆற்றில் இறங்க முடியவில்லை. படகுக்காரர்களுக்கு அரசுப் பணம் வந்தது; படகும் இல்லை, சங்க உறுப்பினரும் இல்லை என்று எங்கள் பெயரை விட்டுவிட்டார்கள். இப்போது ஒருவர் வந்து, "கேஸ் போட்டு வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு எனக்கு" என்று சொல்லி வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு கேட்கிறார். ஆலைக்காரர்களோ எல்லாம் வெள்ளத்தால் வந்தது என்கிறார்கள். நாங்கள் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். அந்த மனிதருக்குக் கைநாட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள். அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அன்று அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், சேதமான படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. அது நிவாரணம். வருவாய்த் துறையும் மீன்வளத் துறையும் தங்கள் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள். பதிவேட்டில் இல்லாதவர் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இழப்பீடு வேறு. அதைத் தர வேண்டியவர் மாசுபடுத்தியவர். அதைக் கேட்கப் படகு வேண்டும், சங்க அட்டை வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம்; அதற்கான 2010-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 15-ன்படி பாதிக்கப்பட்ட யாரும் கேட்கலாம். உடல் நோய், மருத்துவச் செலவு, தொழில் இழப்பு மூன்றும் அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இருக்கின்றன.

'வெள்ளம்தான் காரணம்' என்ற வாதத்துக்குப் பயப்பட வேண்டாம். டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரிலேயே இதற்கு வழி அடைத்துவிட்டது: ஆபத்தான தொழில் நடத்துபவர் இயற்கைச் சீற்றத்தைக் காட்டித் தப்ப முடியாது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 17-ம் விபத்து என்றால் தவறு யாருடையது என்று பார்க்காமலே பொறுப்பைச் சுமத்துகிறது. மணலிச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்துதான் எண்ணெய் வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தீர்ப்பாயத்தில் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையின் நகலை உங்கள் மனுவோடு கட்டாயம் இணையுங்கள்.

தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுத்ததே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அதில் விதிக்கப்படும் அபராதம் கோடிகளில் செய்தித்தாளில் வரும்; உங்கள் அம்மா கைக்குத் தானாக வராது. அவருக்கென்று தனி மனு வேண்டும். காலக்கெடு ஐந்து வருடம். சம்பவம் நடந்தது 2023 டிசம்பர் தொடக்கத்தில், ஆகவே 2028 நவம்பர் முடிவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அதை நம்பி உட்காராதீர்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே ஒரு வருடக் கெடு, அது தாண்டிவிட்டது.

இனி முக்கியமானது, ஆதாரம். கையால் இறால் பிடிப்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? அதனால்தான் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் வீட்டில் தேடினால் கிடைக்கும். அம்மாவிடம் இறால் வாங்கிய வியாபாரி நோட்டுப் போட்டு எழுதியிருப்பார். 2023 அக்டோபர், நவம்பர் பக்கங்களையும் அடுத்த ஆண்டு பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுங்கள். முன்னது நிரம்பியும் பின்னது காலியாகவும் இருந்தால் அதுவே பெரிய சாட்சி. அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் தேதியும் தோல் பாதிப்பும் இருக்கும். மகளிர் சுயஉதவிக் குழு நோட்டில் அந்த மாதங்களில் தவணை நின்றது தெரியும். வாயில் ஓலைக் கூடையைக் கவ்விக்கொண்டு ஆற்றில் அம்மா நிற்கிற பழைய போட்டோ, செய்திப் படம், வீடியோ எதுவானாலும் எடுத்து வையுங்கள். எண்ணெய் படிந்த படங்கள் எந்த போனில் எடுக்கப்பட்டனவோ அந்த போனை விற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலுக்கு மதிப்புக் குறைவு. தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பது உங்களுக்குச் சாதகம். அதோடு அதே கரையில் இறால் பிடிக்கும் நாலைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மனு வலுப்படும்.

நைஜீரியாவில் போடோ என்ற மீனவ ஊரில் 2008-ல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் குழாய் இரண்டு முறை உடைந்தது. வெளியேறிய எண்ணெயின் அளவை நிறுவனம் முதலில் குறைத்துச் சொன்னது. ஊரார் லண்டனில் போட்ட வழக்கின் போதுதான் அது தவறு என்று ஒப்புக்கொண்டது. 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசம் ஆனது. அதில் 3.5 கோடி 15,600 மீனவர், விவசாயிகளுக்கு நேரடியாகப் போனது. பெயர் பெயராகக் கணக்குக் காட்டியதால்தான் பணம் வீட்டுக்குப் போனது. நமக்கு லண்டன் போக வேண்டியதில்லை. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலசமகாலிலேயே இருக்கிறது.

கட்டணம், கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். இரண்டு லட்சம் கேட்டால் 2,000. வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் அதுவும் இல்லை. எங்காவது நிவாரணம் வாங்கியிருந்தால் மறைக்காமல் மனுவில் எழுதுங்கள், அது சட்டக் கட்டாயம்.

அந்தத் தரகர் கேட்பது முழு மோசடி இல்லாவிட்டாலும் சட்டவிரோதமாக முடியும். கிடைக்கும் பணத்தில் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடவே பார் கவுன்சில் விதி அனுமதிக்காது. வழக்கறிஞர் அல்லாதவர் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெற்றுப் பத்திரத்தில் நாளை, 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்றுகூட எழுதிக்கொள்ளலாம். வழக்கறிஞருக்குத் தர வேண்டியது அவர் பெயர் எழுதிய வக்காலத்து ஒன்றுதான், அதையும் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கைநாட்டு வையுங்கள்.

காசு கொடுத்து வழக்கறிஞர் வைக்கவும் அவசியமில்லை. பழங்குடியினர், பெண், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர், இந்த மூன்றில் ஒன்று போதும் இலவச வழக்கறிஞர் கேட்க. உங்கள் அம்மா மூன்றிலும் வருகிறார். வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் சாதிச் சான்றிதழ், ஆதார், ஓ.பி. சீட்டோடு போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது கரையில் உள்ள மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. பத்து மனு ஒன்றாகப் போனால் விசாரணையும் ஒன்றாகவே நடக்க வாய்ப்பு உண்டு.